தேன்கனிக்கோட்டைப் பக்கம் டியூட்சியா பூக்குமா?

தேன்கனிக்கோட்டை வாசி:

அனைவருக்கும் வணக்கம். தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் இடைப்பட்ட எங்கள் தோட்டத்தில், வாயிற்கதவிலிருந்து வீடு வரை செல்லும் பாதையின் இருபுறமும் டியூட்சியா என்னும் வெள்ளைப் பூச்செடியை வேலியாக நட வேண்டும் என்று விரும்புகிறோம். இமாசலப் பிரதேசத்தில் பணியாற்றும் என் மைத்துனர், சித்திரை, வைகாசி மாதங்களில் அங்கே இச்செடி இலை தெரியாத அளவுக்குப் பூத்து நிற்பதைப் படமெடுத்து அனுப்பினார். அதைப் பார்த்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் இதன் மேல் ஆசை வந்துவிட்டது.

எங்கள் நிலம் செம்மண், தண்ணீர் தேங்குவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புத்தன்மை உடையது. சொட்டுநீர்க் குழாய்களின் வாயில் வெள்ளையாகப் படிகிறது. மார்கழி, தை இரவுகளில் நல்ல குளிர் உண்டு. பக்கத்துத் தோட்டத்தில் தொட்டியில் வைத்திருக்கும் ஹைட்ரேஞ்சியா நன்றாகவே பூக்கிறது. டியூட்சியாவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் இதுவும் பூக்கும் என்று நம்புவது சரியா? பெங்களூரு நர்சரி ஒன்றில் டியூட்சியா என்று சொல்லிப் பாலித்தீன் பைச் செடிகளை விற்கிறார்கள், ஆனால் அவற்றில் இப்போது பூ இல்லை; அது உண்மையான செடிதானா என்பதை எப்படிக் கண்டறிவது? வேலிக்குத் தேவையான அத்தனை செடிகளையும் மொத்தமாக வாங்குவதற்கு முன் அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஓசூர் நாற்றங்கால்காரர்:

வணக்கம் ஐயா. மொத்தமாக வாங்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடி உங்கள் மண்ணில் வளரும், தழைக்கும். ஆனால் நீங்கள் படத்தில் கண்ட பூ, தரையில் வேலியாக வைத்தால் நம் பகுதியில் வருவது அரிது.

காரணம் மண்ணும் அல்ல, நீரும் அல்ல. டியூட்சியா சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணையும் பொறுத்துக்கொள்ளும் செடி. வேரில் தண்ணீர் நிற்காமல் இருந்தால் போதும், தொழு உரம் கலந்த செம்மண்ணில் குறை சொல்லாமல் வளரும். சிக்கல் குளிரில் இருக்கிறது. தோட்டங்களில் வளர்க்கப்படும் பெரும்பாலான டியூட்சியா வகைகள் இலையுதிர்ப்பவை. முந்தைய ஆண்டில் வளர்ந்த கிளையில் கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் மொட்டுக் கருவை உருவாக்கிக்கொண்டு, பிறகு இலைகளை உதிர்த்துவிட்டு உறங்கும். அந்த உறக்கம் கலைய வேண்டுமானால், ஏறத்தாழ 0 முதல் 7 பாகை செல்சியசுக்குள்ளான குளிரில் பல வாரங்கள் கழிய வேண்டும். சிம்லா கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் அளவில் இருக்கிறது, அங்கே குளிர்காலத்தில் பனியே பெய்கிறது. ஓசூர் மேட்டுநிலம் 900 மீட்டரை ஒட்டியது. நமக்கு மார்கழிக் குளிர் எவ்வளவு உறைத்தாலும், இரவில் 12, 13 பாகைக்குக் கீழே இறங்கும் நாட்கள் குறைவு. விடிந்து வெயில் ஏறிவிட்டால் பகலில் 25 பாகையைத் தாண்டிவிடும். செடிக்குக் குளிர்காலம் வந்துபோனதாகவே தெரியாது. அப்படிப்பட்ட செடி இலைகளை முழுவதும் உதிர்க்காமல், அரைகுறையாகத் துளிர்த்து, நுனியில் மட்டும் நீண்டுகொண்டே போகும்.

பக்கத்துத் தோட்டத்து ஹைட்ரேஞ்சியாவை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. ஹைட்ரேஞ்சியாவின் மொட்டு உருவாவதற்கு 18 பாகைக்குக் கீழான வெப்பநிலை சில வாரங்கள் இருந்தாலே போதும், நம் மார்கழி இரவுகள் அதற்கு ஓரளவு இடம் தருகின்றன. தவிர, தொட்டியோடு விற்பனைக்கு வரும் ஹைட்ரேஞ்சியாக்களில் பல, குளிர்ப் பகுதியிலோ குளிரறையிலோ பக்குவப்படுத்தப்பட்டு, மொட்டோடுதான் நம் கைக்கு வந்து சேர்கின்றன. ஒரே குடும்பம் என்பது பூவின் அமைப்பைப் பற்றிய உறவு, தட்பவெப்பத் தேவை இனத்துக்கு இனம் மாறும்.

பாதையோர வேலிக்கு வெள்ளைப் பூதான் வேண்டும் என்றால், காமினி என்று நர்சரிகளில் விற்கப்படும் முரையாவை நான் பரிந்துரைப்பேன். மழை பெய்து ஓய்ந்த சில நாட்களில் செடி முழுவதும் பூக்கும், மணமும் உண்டு, கத்தரித்தாலும் தாங்கும். எலுமிச்சையோ சாத்துக்குடியோ உங்கள் தோட்டத்தில் இருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள். எலுமிச்சைக் குடும்பத்தைப் பசுமை நோய்க்கு உள்ளாக்கும் சைலிட் பூச்சிக்கு முரையா விருப்பமான புகலிடம். அந்த நிலையில் நந்தியாவட்டையோ, வெட்பாலை இனத்தைச் சேர்ந்த, ஐந்து வெள்ளை இதழ்களுடைய இலங்கைக் குட்டைச் செடியோ நல்லது. பின்னது வெயிலில் ஆண்டின் பெரும்பகுதி பூத்திருக்கும்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:

செடியை அடையாளம் காண்பது பற்றிய கேள்விக்கு விடை எழுதுகிறேன். நர்சரிகளில் டியூட்சியாவும் பிலடெல்பஸ் என்னும் இன்னொரு பேரினமும் அடிக்கடி மாறிப்போகின்றன. இரண்டும் ஹைட்ரேஞ்சியா குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் எதிரெதிர் இலைகள், இரண்டும் வெள்ளைப் பூக்கள். பூ இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. டியூட்சியாவுக்கு இதழ் ஐந்து, மகரந்தத் தாள்கள் பெரும்பாலும் பத்து, அந்தத் தாள்களின் காம்பு தட்டையாகி இருபுறமும் சிறகு போல விரிந்து நுனியில் பல் போல முடிந்திருக்கும். பிலடெல்பசுக்கு இதழ் நான்கு, மகரந்தத் தாள்கள் இருபதுக்கும் மேல், நறுமணமும் பெரும்பாலும் மிகுதி. டியூட்சியாவின் பல வகைகளில் மணம் மிகக் குறைவு என்பதை, மணத்தை எதிர்பார்த்து வாங்குபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பூ இல்லாத பைச் செடியிலும் பார்க்க முடியும். முற்றிய கிளை ஒன்றைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள்: டியூட்சியாவின் தண்டு நடுவில் வெற்றுக் குழாயாக இருக்கும், பிலடெல்பசின் தண்டில் வெள்ளைச் சோறு நிறைந்திருக்கும். இலையை விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்சு வழியே பார்த்தால் அந்தச் சொரசொரப்புக்குக் காரணமான மயிர்கள் ஒவ்வொன்றும் நட்சத்திர வடிவில் கிளைத்திருப்பதைக் காணலாம். டியூட்சியா ஸ்காப்ரா என்னும் இனத்தில் இது மிகத் தெளிவாக இருக்கும், ஜப்பானியத் தச்சர்கள் அதன் இலையை மரம் இழைத்து மெருகேற்றப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மாணவர்களுக்கு இலைமயிர்களைக் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பேரினத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க். 1775-76இல் நாகசாகியை ஒட்டிய தெஜிமா என்னும் டச்சு வணிகத் தீவில் மருத்துவராகத் தங்கியிருந்து ஜப்பானியச் செடிகளைச் சேகரித்த அவர், தம் பயணத்துக்குப் பொருளுதவி செய்த ஆம்ஸ்டர்டாம் நகரத்து யோஹான் வான் டெர் டாய்ட்ஸ் என்பவரின் பெயரை இதற்கு இட்டார். ஏறத்தாழ அறுபது இனங்கள் இதில் உண்டு. மிகப் பெரும்பாலானவை சீனாவிலும் ஜப்பானிலும் இமயமலைத் தொடரிலும் வளர்பவை, மிகச் சில மட்டும் மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைகளில் இருக்கின்றன. இமயத்தின் நம் பகுதியிலேயே டியூட்சியா ஸ்டாமினியா, டியூட்சியா கம்பாக்டா போன்ற இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. மைத்துனர் படமெடுத்தது காட்டுச் செடியா, தோட்டத்துச் செடியா என்பதைக் கேட்டுப் பாருங்கள். காட்டுச் செடியாக இருந்தால் வேரோடு பிடுங்கி வரச் சொல்லாதீர்கள்.

ஓசூர் நண்பர் சொன்ன குளிர்த் தேவை சரியானதே. அதற்கு ஒரு விலக்கு போல இருப்பது டியூட்சியா புல்க்ரா. தைவானிலும் பிலிப்பைன்சிலும் வளரும் இந்த இனம் இலைகளை முழுவதும் உதிர்ப்பதில்லை. முற்றிய தண்டில் பட்டை வெளிர்ப் பழுப்பாக உரிந்து தொங்கும், பூங்கொத்துகள் நீண்டு தாழ்ந்திருக்கும். மிதமான குளிர்காலம் உள்ள தோட்டங்களில் இது வளர்க்கப்படுகிறது. நம் மேட்டுநிலத்தில் ஏதேனும் ஒரு டியூட்சியாவைத் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் அது இந்த இனமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தேன்கனிக்கோட்டை வாசி:

இருவருக்கும் மிகுந்த நன்றி. வேலிக்கு வேறு செடியைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம், எலுமிச்சை இருப்பதால் அது நந்தியாவட்டையாகவே இருக்கும். ஆயினும் டியூட்சியாவை முற்றிலும் கைவிட மனம் வரவில்லை. பின்வாசலில் தொட்டியில் சில செடிகளை மட்டுமாவது பூக்க வைக்க வழி உண்டா? நம் பக்கத்தில் ரோஜா ஏற்றுமதிக்காகக் குளிரறைகள் பல இருக்கின்றன. அந்தக் குளிரைச் செடிக்குக் கொடுக்க முடியாதா?

ஓசூர் நாற்றங்கால்காரர்:

முடியும் ஐயா, அது புதிய வழியும் அல்ல. டியூட்சியா கிராசிலிஸ் என்னும் குட்டை இனம் ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டுவது அரிது. ஐரோப்பாவின் கண்ணாடிக் குடில்களில் அதைத் தொட்டியில் குளிர்வித்து, பிறகு வெதுவெதுப்பில் வைத்து, பருவத்துக்கு முன்பே பூக்கச் செய்யும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பரவலாக இருந்தது. பிரான்சின் நான்சி நகரத்து லெமுவான் நர்சரியார் இந்தக் கிராசிலிசைப் பெற்றோராக வைத்துப் பல கலப்பினங்களை உருவாக்கினார்கள். தொட்டிக்கு நீங்கள் வாங்க வேண்டியதும் கிராசிலிசோ அதன் குட்டை வகைகளோதான்.

செய்ய வேண்டியதைக் கால வரிசையில் சொல்கிறேன். ஆடி, ஆவணியில் செடி நன்றாகத் தழைத்திருக்க வேண்டும், இந்தக் கிளைகளில்தான் மொட்டு உருவாகும். ஆவணி முடிந்ததும் யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை அடியோடு நிறுத்திவிடுங்கள். நமக்குப் புரட்டாசியும் ஐப்பசியும் மழை மிகுந்த மாதங்கள் என்பதால், தொட்டிகள் வெட்டவெளியில் இருந்தால் செடி ஓயாமல் துளிர்க்கும். ஆகவே அவற்றைப் பாலித்தீன் கூரையின் கீழே நகர்த்தி, இலை வாடாத அளவுக்கு மட்டும் தண்ணீர் காட்ட வேண்டும். ஐப்பசி இறுதியிலும் உதிராமல் நிற்கும் இலைகளை, கணுவில் இருக்கும் மொட்டு நசுங்காதபடி கையால் கிள்ளி எடுத்துவிடலாம். கார்த்திகைத் தொடக்கத்தில் தொட்டிகளைக் குளிரறைக்குள் வைத்து, 2 முதல் 5 பாகையில் ஆறு முதல் எட்டு வாரங்கள் வைத்திருக்க வேண்டும். இலை இல்லாத செடிக்கு வெளிச்சம் தேவைப்படாது, ஆனால் வேர்மண் முற்றிலும் உலர்ந்துபோகக் கூடாது.

வெளியே எடுத்ததும் வெயிலில் வைத்துவிட வேண்டாம். முதல் இரண்டு வாரம் நிழல்வலைக் குடிலில், காற்றோட்டமான, இரவில் குளிர்ந்திருக்கும் இடத்தில் மெதுவாகத் துளிர்க்க விடுங்கள். அவசரப்பட்டு வெப்பத்தில் வைத்தால் தண்டு நீண்டு பூங்கொத்து மெலிந்துபோகும். மார்கழி பிற்பகுதியில் எடுத்த செடி, தையும் மாசியும் தரும் மிதமான பகலில் மொட்டு விரிக்கும். பங்குனி வெயில் தொடங்குவதற்குள் பூத்து முடிந்துவிடும். நம் தட்பவெப்பத்தோடு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது.

பாகலூர் மலர் விவசாயி:

குளிரறை பற்றி இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். பிப்ரவரி 14ஐ முன்னிட்டு ரோஜா வெட்டு தை மாத நடுவிலிருந்தே பெருகிவிடும், அப்போது எந்தக் குளிரறையிலும் தொட்டி வைக்க இடம் கிடைக்காது. கார்த்திகையில் வைத்து மார்கழியில் எடுத்துவிடுவது என்ற கால அளவு, பண்ணைக்காரர்களுக்கும் தொல்லை தராது. முன்பே பேசி வைத்துக்கொண்டால் ஒரு மூலையை ஒதுக்கித் தருவார்கள். இரண்டாவது, பழங்கள் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் இடம் கிடைக்கிறது என்று அங்கே வைத்துவிடாதீர்கள். பழுக்கும் பழங்களிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு மொட்டுகளைக் கருகி உதிரச் செய்யும், ரோஜாவுக்கும் அதே ஆபத்து உண்டு என்பதால் பூ மட்டும் வைக்கும் அறையே பாதுகாப்பானது.

தேன்கனிக்கோட்டை வாசி:

தெளிவாகப் புரிந்தது. பூத்து முடிந்த பிறகு செடியை எப்படிக் கத்தரிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால், இந்த ஆண்டே தொடங்கிவிடுவேன்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:

கடைசிப் பூ உதிர்ந்த உடனே கத்தரிக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. பூத்த கிளை ஒவ்வொன்றையும், அதன் கீழ்ப்பகுதியில் வலுவாகக் கிளம்பியிருக்கும் புதுத் தளிருக்கு மேலாக வெட்டிவிடுங்கள். மூன்று, நான்கு ஆண்டுகள் ஆன செடியில், மிகப் பழைய தண்டுகளில் நான்கில் ஒரு பங்கை மண்ணை ஒட்டியே அறுத்துவிட்டால் அடியிலிருந்து புதிய தண்டுகள் எழும். ஆடிக்குப் பிறகு கத்தரிக்கோலை அருகில் கொண்டுபோகாதீர்கள். டுராண்டா வேலியை மாதந்தோறும் ஒரே மட்டமாக வெட்டிப் பழகிய தோட்டப் பணியாளர்கள் இதையும் அப்படியே வெட்டிவிடுவார்கள், அடுத்த ஆண்டின் மொட்டு முழுவதும் அந்தத் தழையோடு போய்விடும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வெட்டிய இளந்தண்டுகளை வீணாக்க வேண்டாம். இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக நறுக்கி, தென்னை நார்க்கழிவும் மணலும் கலந்த தட்டில், ஈரப்பதம் குறையாத நிழலில் வைத்தால் எளிதில் வேர்விடும். கோடையில் தொட்டிகளைக் காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்தில் வையுங்கள், வைகாசி முடியும் வரை பிற்பகல் வெயில் இலையின் விளிம்பைக் கருக்கும். உங்கள் கிணற்று நீரின் உப்பு தொட்டி மண்ணில் சேர்ந்துவிடாமல் இருக்க, மழைநீரைப் பிடித்து வைத்து அவ்வப்போது தொட்டியின் அடியில் வழிந்தோடும் அளவுக்கு ஊற்றி வாருங்கள்.