மகள் 60 மீட்டருக்குப் பிறகு பின்தங்குகிறாள், என்ன பயிற்சி கொடுக்கலாம்?

குலசேகரம் அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் எனக்கு ரப்பர் பால் வெட்டு வேலை. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், 100 மீட்டரும் 200 மீட்டரும் ஓடுகிறாள். குறுவட்டப் போட்டியில் 100 மீட்டரில் நான்காவதாக வந்தாள். பாதி தூரம் வரை அவள்தான் முன்னால். அப்புறம் தோள் மேலே ஏறி, தலை பின்னால் சாய்ந்து, மூன்று பிள்ளைகள் அவளைக் கடந்து போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அக்கறையானவர்தான், ஆனால் கபடி, எறிபந்து, கோ-கோ எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே. ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஸ்டாமினா இல்லை, தினமும் பத்து ரவுண்டு ஓடவிடு என்கிறார் ஒருவர். காலில் மணல் பை கட்டி ஓடவிடு என்கிறார் இன்னொருவர். முட்டத்துக்குக் கூட்டிப்போய் கடல் மணலில் ஓடவிடச் சொல்கிறார்கள் சிலர். வீட்டுப் பக்கத்தில் லேசான ஏற்றமாக எஸ்டேட் ரோடு உண்டு. பள்ளி மைதானம் செம்மண். மதியத்துக்கு மேல் எனக்கு வேலை இல்லை, நானே கூட நின்று பார்த்துக்கொள்வேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஓட்டக்காரி:

அண்ணன், முதலில் அந்தப் பத்து ரவுண்டை விட்டுவிடுங்கள். இது ஸ்டாமினா பிரச்சினை இல்லை. 100 மீட்டரில் கடைசியில் வேகம் குறையாத மனிதரே கிடையாது. 2009-இல் பெர்லினில் உசேன் போல்ட் 9.58 நொடியில் ஓடினாரே, அதில் 60-இலிருந்து 80 மீட்டர் வரை 1.61 நொடி, கடைசி 20 மீட்டருக்கு 1.66 நொடி. அவருக்கே அப்படி. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் உச்ச வேகத்தை இன்னும் முன்னாலேயே தொட்டுவிடுவார்கள். அதற்கு அப்புறம் வேகத்தை யார் குறைவாக இழக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வெற்றி.

உங்கள் மகள் செய்வது எனக்குக் கண்ணில் தெரிகிறது. பக்கத்துப் பிள்ளை கிட்டே வந்ததும் இன்னும் பலமாக ஓடப் பார்க்கிறாள். தோள் ஏறுகிறது, கழுத்து இறுகுகிறது, தலை பின்னால் போகிறது. தலை போனால் இடுப்பு தாழும். இடுப்பு தாழ்ந்தால் கால் உடம்புக்கு முன்னால் நீண்டு விழும். அப்படி விழுகிற ஒவ்வொரு காலும் பிரேக். வேகமாக ஓடுகிறவர்கள் காலை நீட்டி எட்டிப் பிடிப்பதில்லை. இடுப்புக்கு நேர் கீழே தரையை ஓங்கி மிதித்துத் தள்ளுகிறார்கள். பெரிய வீரர்களுக்கு உச்ச வேகத்தில் பாதம் தரையில் இருப்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நேரத்துக்குள் எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதில்தான் வேகம் இருக்கிறது.

நான் இராஜாக்கமங்கலம் பக்கம். கல்லூரி வரை ஓடினேன், இப்போது சாயங்காலம் ஊர் கிரவுண்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக ஒரு பிள்ளை வந்தால் நான் முதலில் பார்ப்பது காலடித் தடத்தை. நீங்களும் பாருங்கள். மழை விட்டு மண் பாதி காய்ந்திருக்கும்போது ஒரு 40 மீட்டர் ஓடவிட்டு, தடத்தின் பக்கத்தில் குந்தியிருந்து பாருங்கள். குதிகால் ஆழமாகப் பதிந்து, தடத்துக்கு முன்னால் மண் ஒதுங்கிக் கிடந்தால் காலை நீட்டிப் போடுகிறாள் என்று அர்த்தம். முன்பாதம் மட்டும் அழுந்தி மண் பின்பக்கம் தெறித்திருந்தால் நல்லது. பெரும்பாலும் முதல் 20 மீட்டரில் இரண்டாவது மாதிரியும், கடைசியில் முதல் மாதிரியும் இருக்கும். எந்த இடத்தில் மாறுகிறது என்று ஒரு கல்லை வைத்து அடையாளம் செய்யுங்கள். அந்தக் கல்லைத் தள்ளித் தள்ளி வைப்பதுதான் இனி உங்கள் வேலை.

இதற்குச் சாமான் எதுவும் வேண்டாம். மதில் ஒன்று போதும். மதிலில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாக உடம்பைச் சாய்த்து நிற்கட்டும். ஒரு முட்டி இடுப்பு உயரத்துக்கு மேலே, பாதத்தின் நுனி மேல்நோக்கி இழுத்தபடி. நீங்கள் கை தட்டியதும் காலை மாற்றி, அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். ஒரு மாற்றம், நிறுத்தம். அது சுத்தமாக வந்த பிறகு மூன்று மாற்றம், நிறுத்தம். இடுப்பு பின்னால் துருத்தினால் முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

அடுத்தது ஏ மார்ச். போலந்துப் பயிற்சியாளர் கெரார்ட் மாக் ஒழுங்குபடுத்திய பயிற்சி இது, உலகம் முழுக்கச் செய்கிறார்கள். நடைதான். ஒவ்வொரு அடிக்கும் முட்டியை இடுப்பு மட்டத்துக்குத் தூக்கி, பாதத்தை இடுப்புக்குக் கீழேயே கொண்டுவந்து இறக்க வேண்டும். நடையில் சரியாக வந்தால் அதையே துள்ளித் துள்ளிச் செய்வது ஏ ஸ்கிப். 15, 20 மீட்டர் தூரம் போதும். இதில் கண்ணைவிடக் காதை நம்புங்கள். சரியான மிதி ‘டப்’ என்று ஒரே சத்தமாக விழும். ‘சரக்’ என்று இழுபட்டால் பாதம் முன்னால் போய் உரசுகிறது. நான் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று சத்தத்தை வைத்தே திருத்துவதுண்டு.

கைவீச்சுக்கு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கையை மட்டும் வீசட்டும். கை தோளிலிருந்து அசைய வேண்டும். முன்னால் வரும்போது கன்னத்தின் உயரம் வரை, பின்னால் போகும்போது இடுப்பைத் தாண்டி. வேகம் கூடினால் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு துள்ளும். முகமும் தாடையும் தளர்வாக இருக்கிறதா என்று அப்போது பாருங்கள். பல்லைக் கடித்தால் தோள் தன்னால் ஏறிவிடும். உங்கள் மகளுக்கு மிக அவசியமான பயிற்சி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மழை நாளில் திண்ணையிலேயே செய்யலாம். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, மைதானத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அப்புறம் ஓட்டம். இரண்டு காலையும் சேர்த்து நின்று, முன்னால் சாய்ந்து சாய்ந்து, விழப்போகிற நொடியில் ஓட வேண்டும். 15 மீட்டர், மூன்று நான்கு தடவை. தலையைச் சட்டென்று தூக்கக் கூடாது. கடைசியாக, உச்ச வேக ஓட்டம்: 25 மீட்டர் மெல்ல மெல்ல வேகம் கூட்டி, அடுத்த 20 மீட்டர் முழு வேகம், பிறகு தானாக நிற்கும் வரை தளர்வாக ஓட்டம். இதுவும் மூன்று நான்கு தடவை போதும்.

இதில் எல்லாரும் கோட்டைவிடுகிற விஷயம் ஓய்வு. முழு வேகத்தில் 10 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் ஓடினால் மூன்று நிமிடம் சும்மா நடக்க வேண்டும். வெடித்து ஓடுவதற்குத் தசையில் இருக்கிற எரிபொருள் சில நொடிகளில் தீர்ந்துவிடும், திரும்ப நிரம்பச் சில நிமிடம் ஆகும். நிரம்பும் முன்னே ஓடவைத்தால் பிள்ளை களைத்துப்போய் மெதுவாக ஓடத்தான் பழகும். மூச்சுவாங்கி வியர்வை கொட்டினால்தான் பயிற்சி என்று நம்முடைய கிரவுண்டுகளில் ஒரு எண்ணம் இருக்கிறது. எத்தனை நல்ல பிள்ளைகளை அது மந்தமாக்கிவிட்டது என்று நினைத்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் முழு வேகம், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. மூன்றாவது ஓட்டம் இரண்டாவதைவிட மெதுவாகத் தெரிந்தால் அன்றைக்கு அத்துடன் வீட்டுக்குப் போங்கள்.

எஸ்டேட் ஏற்றம் உங்களுக்குக் கிடைத்த பாக்கியம். லேசான ஏற்றத்தில் 20 மீட்டர் ஓடினால் காலை நீட்டிப் போடவே முடியாது, முட்டி தானாக உயரும். இறங்கும்போது நடந்துதான் வர வேண்டும். காலில் மணல் பை வேண்டவே வேண்டாம். கால் சுழலுகிற விதமே மாறிவிடும், முட்டிக்கும் கெடுதல்.

சோத்தவிளைக்காரன்:

அக்கா சொன்னதில் மணலைப் பற்றி ஒன்றும் இல்லையே. எங்கள் கடற்கரைப் பையன்கள் மணலில் பந்து விளையாடித்தான் கால் பலமானவர்கள். மணல் ஓட்டம் ஆகவே ஆகாது என்று சொல்ல முடியாது.

பழைய ஓட்டக்காரி:

ஆகாது என்று சொல்ல மாட்டேன் தம்பி. கால் பலத்துக்கு நல்லது, விளையாடட்டும். ஆனால் காய்ந்த மணலில் கால் புதைந்து, தரையில் அதிக நேரம் நிற்கிறது. ஓட்டக்காரிக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் மிதிக்கும், இடுப்பு வலி வரும். சோத்தவிளைக்கு வந்தால் ஏ மார்ச் செய்யட்டும், தடம் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. முழு வேக ஓட்டத்துக்கு மைதானம்தான்.

மார்த்தாண்டம் பிசியோ:

காயத்தோடு என்னிடம் வருகிற பள்ளிப் பிள்ளைகளில் பலர் வார்ம்-அப் செய்யாமல் நேராக முழு வேகத்தில் ஓடியவர்கள். பத்து நிமிடம் மெல்லோட்டம், கால் வீச்சு, மேலே சொன்ன ஏ மார்ச், பிறகு பாதி வேகத்தில் இரண்டு ஓட்டம், அதற்கப்புறம்தான் முழு வேகம். குனிந்து காலைத் தொட்டபடி நெடுநேரம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வேக ஓட்டக்காரர்களுக்கு முதலில் பிடிப்பது தொடையின் பின்தசை. அதற்கு ஒரு பயிற்சி: பாயில் முட்டி போட்டு நிமிர்ந்து நிற்கட்டும், நீங்கள் பின்னால் கணுக்காலை அழுத்திப் பிடியுங்கள். இடுப்பை மடக்காமல் உடம்பை மெதுவாக முன்னால் சாய்த்து, தாங்க முடியாதபோது கையை ஊன்றிக்கொள்ளலாம். நான்கு ஐந்து தடவை, வாரம் இருமுறை. அடுத்த நாள் வலிக்கும், அதனால் போட்டிக்கு முந்தைய நாட்களில் வேண்டாம். வளரும் வயதில் குதிகாலிலோ முட்டிக்குக் கீழேயோ தொட்டால் வலித்தால் ஓட்டத்தைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலியோடு ஓடவைக்காதீர்கள்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மட்டும் போதாது, கூடவே மீனோ முட்டையோ பயறோ இருக்க வேண்டும். ஓடுகிற பெண் பிள்ளைக்கு மாதவிடாய் சில மாதம் வராமல் நின்றால் அதைப் பயிற்சியின் அடையாளம் என்று விட்டுவிடக் கூடாது. சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்பாவிடம் சொல்லக் கூச்சப்படுவாள், அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

தோவாளை தாத்தா:

என் பேரனும் ஓடுகிறான். எங்கள் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆடியில் ஆளையே தள்ளும். போனில் நேரம் பார்த்தால் ஒரு நாள் வேகம், ஒரு நாள் மெதுவு. எதை நம்புவது?

பழைய ஓட்டக்காரி:

ஐயா, சர்வதேசப் போட்டியிலேயே பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் 100 மீட்டர் நேரத்தைச் சாதனையாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் ஊர்க் காற்றில் நேரம் ஏறி இறங்கத்தான் செய்யும். ஒரே நாளில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று ஓடவிட்டு இரண்டையும் எழுதி வையுங்கள். ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்துவதைவிட, பக்கவாட்டில் நின்று வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்ப்பது நல்லது. நேரத்தோடு பாதம் எங்கே விழுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

குலசேகரம் அப்பா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செம்மண்ணில் தடம் பார்த்தோம். 50 மீட்டர் வரை மண் பின்னால் தெறிக்கிறது, அதற்கு அப்புறம் குதிகால் பதிகிறது. அவளே குனிந்து பார்த்துவிட்டு, “அப்பா, இங்கேதான் அந்தப் பிள்ளை என்னைத் தாண்டினாள்” என்றாள். கல் வைத்திருக்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். தொடக்கத்தில் எந்தக் காலை முன்னால் வைப்பது? தொடக்கத்தில் பாதத்தை ஊன்றித் தள்ளுகிற பிளாக் எங்கள் பள்ளியில் இல்லை. இன்னொன்று, முடிவுக்கோட்டுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கிறாள். அதை எப்படி மாற்றுவது?

பழைய ஓட்டக்காரி:

அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம் அண்ணன். இனி நீங்கள் அதிகம் சொல்ல வேண்டியிருக்காது.

தொடக்கத்தில் பலமான கால் முன்னால். எது என்று தெரியாவிட்டால் இரண்டு விதமாகவும் பத்து மீட்டர் ஓடவிட்டு வீடியோ பாருங்கள். கோட்டிலிருந்து அவள் பாதத்தால் இரண்டு அடி அளந்து முன்கால், மூன்று அடி அளந்து பின்கால். அங்கிருந்து அவள் உயரத்துக்கு ஏற்ப விரற்கடை அளவு மாற்றிக்கொள்ளலாம். கை தோளுக்கு நேர் கீழே, கோட்டுக்குப் பின்னால். ‘செட்’ சொன்னதும் இடுப்பு தோளைவிடக் கொஞ்சம் உயரட்டும். பார்வை கைக்குச் சற்று முன்னால் தரையில். சத்தம் கேட்டதும் எழுந்து நிற்கப் பார்க்காமல், இரண்டு காலாலும் தரையைத் தள்ளி முன்னால் போக வேண்டும். போட்டியில் பிளாக் கிடைக்கும் என்றால் அதற்கு முன் ஒரு தடவையாவது வேறு பள்ளியிலோ நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்திலோ கேட்டுப் பழகிவிடுங்கள். புதிதாக அன்றைக்குத்தான் தொடுவது என்றால் கால் தடுமாறும்.

முடிவுக்கோடு விஷயத்தில் நம் பக்கத்து பி.டி. உஷாவை அவளுக்குச் சொல்லுங்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 நொடி ஓடி நான்காவதாக வந்தார். வெண்கலம் வாங்கியவர் 55.41. நூறில் ஒரு நொடி. கோட்டைத் தொடுவது கையோ தலையோ அல்ல, மார்பு. அதனால் பயிற்சியில் எப்போதும் முடிவுக்கோட்டுக்கு ஐந்து மீட்டர் தள்ளி இன்னொரு கோடு கிழித்து, அதுதான் முடிவு என்று ஓடவிடுங்கள். கடைசி ஓரடியில் மட்டும் மார்பை முன்னால் சாய்க்கட்டும். அதற்கு முன்னால் சாய்ந்தால் வேகம் போய்விடும்.

போட்டிக்கு முந்தைய வாரம் புதிதாக எதுவும் வேண்டாம். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, ஏ மார்ச்சும் இரண்டு மூன்று தொடக்கமும் மட்டும் செய்யட்டும். மாவட்டப் போட்டிக்கு வந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், எங்கள் பிள்ளைகளோடு நானும் அங்கே இருப்பேன். வார்ம்-அப்பை அவர்களோடு சேர்ந்தே செய்யலாம்.