'பிராணிகள் கூடாது' என்று அக்ரிமென்ட்டில் இருக்கு: பூனை வளர்க்க என்ன வழி?

இரண்டாம்_மாடி கேட்டது:

சென்னை பெருங்குடி, அபார்ட்மென்ட், ரெண்டாவது மாடி, 2 பெட்ரூம். வாடகை 18,000, அட்வான்ஸ் 90,000. 11 மாத அக்ரிமென்ட்டில் இன்னும் 7 மாதம் பாக்கி. அதில் 'செல்லப் பிராணிகள் எதுவும் வளர்க்கக் கூடாது' என்று ஒரு வரி இருக்கு. ஓனர் இந்தக் கட்டடத்தில் இல்லை, அண்ணா நகரில் இருக்கார்.

இந்த மாதக் கடைசியில் ஐந்து மாத நாட்டுப் பூனை ஒன்று (பெண்) வருது. வெளியே விடப் போவதில்லை. தரை விட்ரிஃபைட் டைல்ஸ், சுவர் டிஸ்டெம்பர், ஜன்னலில் வெல்க்ரோ ஒட்டின கொசுவலை, பால்கனியில் கைப்பிடிக் கம்பி மட்டும்.

தெரியாமல் வளர்த்தால் சிக்கல் எங்கிருந்து வரும்? பிராணிகளுக்குத் தடை போடக் கூடாது என்கிற விலங்கு நல வாரியத்தின் சர்க்குலர் ஓனரைக் கட்டுப்படுத்துமா? காலி பண்ணும்போது எதுக்கெல்லாம் அட்வான்ஸில் கை வைப்பாங்க, அதை இப்பவே எப்படித் தடுக்கிறது?

---

நாலுகால்_கூட்டாளி:

யாரும் தடை போட முடியாதுங்க. வாரியத்தோட 2015 சர்க்குலரை பிரிண்ட் எடுத்து ஓனர் கையில் கொடுங்க, அப்புறம் பேசவே மாட்டார்.

---

ஷரத்து:

மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். அந்தத் தாளை நீட்டினால் ஓனர் பேச மாட்டார்தான். அக்ரிமென்ட்டைப் புதுப்பிக்கவும் மாட்டார்.

1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கிய இந்திய விலங்கு நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பேசுவது குடியிருப்போர் சங்கங்களைப் பற்றி. பெரும்பான்மை வாக்கெடுத்தோ பைலாவை (சங்க விதிகளை) திருத்தியோ சங்கம் செல்லப் பிராணிகளைத் தடை செய்யக் கூடாது, லிஃப்டில் ஏற்றாதே என்று சொல்லக் கூடாது, இஷ்டத்துக்கு அபராதம் போடக் கூடாது. அசோசியேஷன் செயலாளர் தகராறு செய்தால் அதைக் காட்டலாம். ஓனர் விஷயம் வேறு. தன் சொத்தை என்ன நிபந்தனையில் வாடகைக்கு விடுவது என்று அவர் எழுதினார், நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் உள்ளது 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி ஓனர் நினைத்த மாத்திரத்தில் பூட்டுப் போட முடியாது. வாடகை நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். தண்ணீர், கரண்ட்டை நிறுத்தவும் கூடாது. வீட்டைப் பார்க்க வருவதென்றாலும் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். ஆகவே பூனையைப் பார்த்த அன்றே தெருவில் நிற்க வேண்டி வரும் என்ற பயம் வேண்டாம்.

ஆனால் வீட்டுக்குச் சேதம், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை என்று நிரூபிக்க முடிந்தால் 'இடத்தைத் தவறாகப் பயன்படுத்தியது' என்ற காரணத்தில் வழக்குப் போட வழி உண்டு. அதற்கெல்லாம் அவர் போகவே தேவையில்லை என்பதுதான் உண்மை. ஏழு மாதம் பொறுத்திருந்து, புதுப்பிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, 90,000இல் வேண்டியதைப் பிடித்துக்கொண்டால் அவர் வேலை முடிந்தது. மீதியைக் கேட்டு நீங்கள்தான் அலைய வேண்டும். (அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது அதே சட்டம். 'வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்' என்ற வாசலையும் அதுவே திறந்து வைத்திருக்கிறது. உங்கள் ஐந்து மாத வாடகை அட்வான்ஸ் அந்த வாசல் வழியாக வந்ததுதான்.)

ஒளித்து வளர்ப்பதில் இன்னொரு ஓட்டை. நீங்களே ஷரத்தை மீறிய பிறகு, மற்ற எந்தத் தகராறிலும் ஓனர் முதலில் எடுத்துப் போடுவது அதைத்தான். பைப் உடைந்ததற்குக்கூடப் பூனை காரணமாகிவிடும். பூனை இன்னும் வரவில்லை என்பது உங்களுக்குச் சாதகம். இப்போதே பேசி, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

---

மதில்மேல்:

சட்டம் ஒரு பக்கம். ஒளிச்சு வெச்சாலும் பூனையைக் காட்டிக்கொடுக்கிறது மூணு விஷயம்: ராத்திரிச் சத்தம், வாடை, ஜன்னல்.

சத்தம். ஐந்து மாதம்னு சொல்றீங்க. பெண் பூனைக்கு நாலிலிருந்து ஆறு மாசத்துக்குள்ள முதல் ஹீட் (இணை தேடற பருவம்) வந்துடலாம். வந்தா ராத்திரி முழுக்கக் கத்தும், குழந்தை அழற மாதிரியே இருக்கும், மேல் வீடு கீழ் வீடு ரெண்டும் எழுந்துக்கும். கருப்பை நீக்கம் பண்ணாதவரை ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை இது திரும்பத் திரும்ப வரும். அதனால வீட்டுக்கு வந்து செட்டில் ஆன உடனே டாக்டர்கிட்ட காட்டி ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுடுங்க. வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையிலும் பண்றாங்க. தையல் ஆற 10 முதல் 14 நாள், அதுவரை தையலை நக்காம இருக்கக் கழுத்துல மாட்டற கூம்பைக் கழட்டக் கூடாது. அப்படியே ரேபிஸ் ஊசியும் போட்டு அட்டையை வாங்கி வெச்சுக்கோங்க, ஓனர் கேட்டா காட்ட உதவும்.

வாடை. ஒரு பூனைக்கு ரெண்டு டிரே (பூனை மலஜலம் கழிக்கிற மணல் தட்டு). மூடி போட்டது வேண்டாம், மூடின டிரேல நாத்தம் உள்ளயே தங்கி பூனை அதை ஒதுக்கிட்டு சோஃபா பக்கம் போயிடும். பூனையோட நீளத்தைவிட ஒன்றரை மடங்கு நீளமா இருக்கணும். கடைல 'கேட் டிரே'ன்னு விக்கிறது பெரும்பாலும் சின்னது, துணி வைக்கிற அகலமான பிளாஸ்டிக் டப்பாவே நல்லது. கட்டி பிடிக்கிற பென்டனைட் மணல் 5-7 செ.மீ. உயரம் கொட்டுங்க. அதுக்குக் கம்மியா போட்டா மூத்திரம் அடில போய் பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கும், அங்கிருந்துதான் வாடை கிளம்பும். காலைல, ராத்திரி ரெண்டு வேளையும் அள்ளணும். பாத்ரூம்ல வைக்காதீங்க. நம்ம ஊர் பாத்ரூம் எப்பவும் ஈரம், மணல் சேறாகி தரையெல்லாம் ஒட்டும். வாஷிங் மெஷின் பக்கமும் வேண்டாம், ஒரு தடவை ஸ்பின் சத்தத்துல மிரண்டா அப்புறம் அந்த டிரேயை எட்டிப் பாக்காது.

அள்ளினதை டாய்லெட்ல கொட்டி ஃபிளஷ் பண்றதுதான் ரொம்பக் கேடு. பென்டனைட் ஒரு வகை களிமண், பைப்புக்குள்ள ஊதி இறுகிடும். நீங்க ரெண்டாவது மாடி. அடைச்சா தண்ணி எதிர்த்து வர்றது முதல் மாடி பாத்ரூம்ல. பிளம்பர் கம்பி விட்டு இழுத்தா சாம்பல் நிறக் களிமண்ணா வரும், அதுக்கப்புறம் யார் வீட்ல பூனைன்னு விசாரிக்கவே வேண்டாம். பையில முடிச்சுப் போட்டு குப்பை வண்டிலதான் கொடுக்கணும்.

ஜன்னல். வெல்க்ரோ கொசுவலை பூனைக்கு ஏணி மாதிரி. ஃபைபர் கிளாஸ் நூல் நகத்துல கிழியும், கிழியாட்டி மொத்த வலையும் வெல்க்ரோவோட பிச்சுக்கிட்டு வெளிய விழும், கூடவே பூனையும். ஜன்னல் அளவுக்கு அலுமினிய ஃபிரேம் அடிச்சு 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை போடுங்க. ஃபிரேமை இருக்கிற ஜன்னல் தண்டவாளத்துலயே உட்கார வெச்சா ஓனர் சுவத்துல ஓட்டை போட வேண்டியதில்லை, காலி பண்ணும்போது எடுத்துட்டும் போயிடலாம். பால்கனிக்குப் புறா வலை. அதுக்குக் கொக்கி அடிக்கணும், ஓனர் சம்மதம் வேணும். 'புறா எச்சமும் நிக்கும், வலையை உங்களுக்கே விட்டுட்டுப் போறோம்'னு சொன்னா வேண்டாம்னு சொல்ற ஓனர் குறைவு. இப்ப எல்லாரும் போடற 'இன்விசிபிள் கிரில்' கம்பிக்கு நடுவுல ரெண்டு அங்குல இடைவெளி இருக்கும். அஞ்சு மாசக் குட்டி அதுல தலையை நுழைச்சா உடம்பும் போயிடும்.

---

பட்டியும்_பெயின்ட்டும்:

அட்வான்ஸில் பிடிக்கும் இடங்கள் எப்போதும் ஒரே இடங்கள்தான்: டைல்ஸ் இடுக்கு, கதவின் அடிப்பகுதி, இடுப்பளவு உயரச் சுவர்.

விட்ரிஃபைட் டைல் மூத்திரத்தை உறிஞ்சாது, நடுவில் இருக்கும் சிமெண்ட் இடுக்கு உறிஞ்சும். நிறமில்லாத கிரௌட் சீலர் (இடுக்கு உறிஞ்சாமல் அடைக்கும் பூச்சு) கிடைக்கிறது. பூனை வருவதற்கு முன் இடுக்கைத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, சின்ன பிரஷ்ஷால் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். ஈரத்தில் அடித்தால் வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

டிரேக்கு வெளியே போய்விட்டால் கை முதலில் பினாயில் பாட்டிலைத்தான் தேடும். வேண்டாம். பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைகளைப் பூனையின் கல்லீரல் சரியாக உடைக்காது. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே விஷம். டெட்டாலும் இதே கணக்கு. பிளீச்சிங் பவுடர் போட்டால் மூத்திரத்தின் அமோனியாவோடு சேர்ந்து கண் எரியும் வாயு கிளம்பும். பழைய துணியால் ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரில் ஒரு முறை துடைத்து, என்சைம் கிளீனரை (மூத்திரக் கறையை உடைக்கும் நொதி கலந்த திரவம்) தாராளமாக ஊற்றி, குறைந்தது 15 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து பிறகு தானாகக் காயவிட வேண்டும். பலர் தெளித்த உடனே துடைத்துவிட்டு 'இது வேலை செய்யலை' என்கிறார்கள். வாடைக்குக் காரணமான யூரிக் அமிலப் படிகம் தண்ணீரில் கரையாது. சோப்பு, வினிகர் எல்லாம் இரண்டு நாள் அடக்கி வைக்கும், மழைக்காலத்துக் காற்றின் ஈரம் பட்டதும் அதே மூலையிலிருந்து மறுபடி வரும். தரை மார்பிளாக இருப்பவர்கள் வினிகரைத் தொடவே வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

உங்கள் சுவர் டிஸ்டெம்பர். ஈரத்துணி பட்டாலே மாவாக வரும், கறை துடைக்க வராது. டிரே வைக்கும் மூலையில் மட்டும் மூன்றடி உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைச் சாய்த்து வையுங்கள். ஒட்டாதீர்கள், டேப்போடு டிஸ்டெம்பரும் உரிந்து வரும்.

ஃபிளஷ் கதவின் (பிளை ஒட்டிய தட்டைக் கதவு) கீழ் விளிம்பு பெரும்பாலும் பெயின்ட் காணாத பச்சை மரமாகவே இருக்கும். அங்கே ஈரம் ஏறினால் பிளை உப்பிக்கொள்ளும், மாற்றுவதென்றால் முழுக் கதவு. கதவுச் சட்டத்தின் அடியில் ஓர் அடி உயரத்துக்கு மாஸ்க்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் டபுள் டேப்பால் 2 மி.மீ. அக்ரிலிக் பட்டை. எடுக்கும்போது கீழே இருக்கும் மாஸ்க்கிங் டேப்தான் உரியும், எனாமல் பெயின்ட் தப்பிக்கும்.

கீறுவதைத் தடுக்க முடியாது, இடம் மாற்றலாம். அதற்கு ஒரு கீறல் கம்பம் செய்துவிடுங்கள். 4 அங்குல (110 மி.மீ.) பிவிசி பைப் மூன்றடி, அடியில் ஒன்றரை அடிச் சதுரத்தில் 19 மி.மீ. பிளைவுட், 10 மி.மீ. தேங்காய்நார்க் கயிறு 35 மீட்டர். ஒரு சுற்றுக்கு 38 செ.மீ. போகும், 90 சுற்று வரும். கயிற்றின் இரு முனைக்கும் பைப்பில் ஓட்டை போட்டு உள்ளே முடிச்சு. ஃபெவிகால் வேண்டாம், பிறகு கயிறு மாற்ற முடியாது. பைப்புக்குள் பாதிவரை மணல் நிரப்பி மேலே மூடி. கம்பம் ஒரு தடவை ஆடினால் பூனை அதை நம்பாது, கதவுக்கே திரும்பிவிடும். தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், எழுந்ததும் முதல் வேலை அதற்குக் கீறுவதுதான்.

---

இரண்டாம்_மாடி:

எல்லாருக்கும் நன்றி. கயிறு, பைப் நாளைக்கே வாங்கிடறேன். ஓனர் கொஞ்சம் வயசானவர், ஃபோனில் கேட்டால் சட்டுனு 'வேண்டாம்ப்பா'ன்னு வெச்சிடுவார். எப்படி ஆரம்பிக்கிறது? அவர் சரின்னு சொன்னால் என்னென்ன எழுதி வாங்கணும்?

---

ஷரத்து:

ஃபோனில் கேட்காதீர்கள். வாடகை கொடுத்த அடுத்த நாள், நேரில் போங்கள். 'சார், ஒரு பூனை வளர்க்கலாம்னு இருக்கோம், உங்களைக் கேட்காம செய்ய மாட்டோம். உங்களுக்கு எதில் கவலைன்னு சொல்லுங்க' என்று கேட்டு நிறுத்திவிடுங்கள். முன்பு இருந்தவர் நாய் வளர்த்துக் கதவைக் கெடுத்தாரா, கீழ் வீட்டுக்காரர் புகார் சொல்வாரா, வீட்டம்மாவுக்கு ஆகாதா என்பது அப்போதுதான் வெளியே வரும். அந்தக் கவலைக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். விலங்கு நேயப் பேச்செல்லாம் அங்கே எடுபடாது.

சம்மதித்தால் பழைய அக்ரிமென்ட்டோடு சேர்க்க ஒரு துணை ஒப்பந்தம், ஒரே பக்கம், இருவர் கையெழுத்தும். அதில் இருக்க வேண்டியவை:

- 'பிராணிகள் கூடாது' என்ற ஷரத்து (எண் போட்டு) இந்த ஒரு பூனையைப் பொறுத்தவரை பொருந்தாது. நிறம், வயது என்று அடையாளம்; கருப்பை நீக்கமும் தடுப்பூசியும் செய்யப்படும் என்ற உறுதி.
- கூடுதல் அட்வான்ஸ் கொடுத்தால் அந்தத் தொகை தனியாக. அரை மாத வாடகை நியாயம், அதற்கு மேல் போகாதீர்கள்.
- பூனையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும், பில் காட்டி, அதிலிருந்து பிடித்தம். வழக்கமாகக் காலி செய்யும்போது பிடிக்கும் ஒரு மாத பெயின்டிங் பணத்தோடு சேர்த்து இரண்டு முறை பிடிக்கக் கூடாது.
- புகார் வந்தால் எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய 15 நாள் அவகாசம்.
- புறா வலைக்குக் கொக்கி அடிக்க அனுமதி.
- அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது இந்த அனுமதியும் தொடரும்.

கடைசி வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். கையெழுத்தான அன்றே எல்லாக் கதவு, சுவர், இடுக்குகளையும் தேதியோடு படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஏற்கெனவே இருக்கிற கீறலை அருகில் போய்த் தனியாக எடுங்கள்.

---

குட்டிக்கரணம்:

நாய் வளர்க்கிற வாடகைக்காரங்களும் இதைப் படிப்பாங்க, அதனால ரெண்டு வரி. சென்னை மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் நாய்க்குக் கட்டாயம், ஓனர் சம்மதிச்சாலும் அது தனி. அடுத்தது உண்ணி. பழுப்பு நாய் உண்ணி நாய்மேல இருக்கிறது கொஞ்சம்தான், மீதி சுவர் விரிசல், கதவு நிலை, ஸ்விட்ச் போர்டு பின்னாடி முட்டை போட்டு உட்கார்ந்திருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுட்டு வீட்டை விட்டா, நீங்க காலி பண்ணினப்புறம் அடுத்து வர்றவங்க கால்ல ஏறும், ஓனர் உங்களைத்தான் கூப்பிடுவார். நாயும் பூனையும் சேர்ந்து இருக்கிற வீட்ல பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைக் கொண்டுவராதீங்க, பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம்.

---

இரண்டாம்_மாடி:

ஒருவேளை ஓனர் முடியாதுன்னே சொல்லிட்டால்?

---

ஷரத்து:

பூனையைக் கொடுப்பவரிடம் சொல்லி, அங்கேயே ஏழு மாதம் விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள். செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். முடியாது என்றால் வேறு வீடு கிடைக்கிறவர் எடுக்கட்டும். எடுத்து வந்து, பிறகு ஓனர் நெருக்குகிறார் என்று தெருவில் விடுவது மட்டும் கூடாது. பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம்.

வேறு வீடு பார்ப்பதானால் புரோக்கரிடம் முதல் ஃபோனிலேயே 'பூனை இருக்கு, ஓனருக்குச் சம்மதம்னா மட்டும் வீட்டைக் காட்டுங்க' என்று சொல்லிவிடுங்கள். 'அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சார்' என்று அவர் சொன்னால் ஓனரிடம் கேட்கவில்லை என்று அர்த்தம். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.