கப்பல் வரிசையில் லிஃப்ட் கேட்டு நாடு தாண்டியவர்கள் இருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வழிப்போக்கன்77

ஆறு வருஷமாக மனசில் கிடக்கிறது, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

2019 செப்டம்பர், பிரான்சின் கலே துறைமுகம். எதிர்க்கரையில் இங்கிலாந்தின் டோவர். ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது), பிரிட்டன் விசா இரண்டும் பாஸ்போர்ட்டில் இருந்தன. நடந்து ஏறுகிறவர்களுக்கான டிக்கெட் எடுத்திருக்கலாம். ஆனால் இஸ்தான்புல்லில் இருந்து அதுவரை லிஃப்டிலேயே வந்துவிட்டு, கடைசியில் நாற்பது கிலோமீட்டர் சொச்சம் கடலுக்கு மட்டும் காசு கொடுக்க மனசு வரவில்லை. துறைமுகத்துக்குத் திரும்புவதற்கு முன்னால் இருக்கிற பெட்ரோல் நிலையத்தில் மூன்று மணி நேரம் நின்றேன். ஒரு கேம்பர் வேன் நின்றது. ஆங்கிலேயர், அறுபது வயது இருக்கும், தனியாக வந்தார். "டோவரா? ஏறு." பேச்சு அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் போலீஸ் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். அடுத்த சாவடி பிரிட்டன். உங்களுக்குத் தெரிந்ததுதான், அங்கே பிரிட்டன் எல்லையைக் கலேயிலேயே தாண்டிவிட வேண்டும். அதிகாரி குனிந்து என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்: "இவர் யார்?"

"என் நண்பர். ஒரு வாரமாக என்னோடுதான் இருக்கிறார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிகாரி என் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றார். "இல்லை, இருபது நிமிஷம் முன்னால்தான் ஏறினேன்" என்று சொல்லிவிட்டேன்.

வண்டியைக் கொட்டகைக்குள் விடச் சொன்னார்கள். நாய் வந்தது. மெத்தையைத் தூக்கினார்கள், அலமாரியைத் திறந்தார்கள். ஒரு பெட்டி நிறைய பீங்கான் கோப்பைகள், ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் வரிசையாக வைத்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, போகலாம் என்றார்கள். அவர் தரையில் மண்டியிட்டு, கசங்கின தாளை நீவி நீவி, ஒவ்வொரு கோப்பையாகத் திரும்பச் சுற்றினார். நான் உதவப் போனேன். "வேண்டாம், எனக்குப் பழக்கம்" என்றார். கோபமே இல்லாத குரல்.

எங்கள் கப்பல் போய்விட்டது, அடுத்ததில் ஏறினோம். கார் தளத்தைப் பூட்டுவதற்குள் எல்லாரும் மேலே போக வேண்டுமே, போனோம். ஒரு டீ வாங்கி என் முன்னால் வைத்துவிட்டு, அவர் போய் வேறு மேஜையில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்காகத்தான் பொய் சொன்னார். நான் அவரைப் பொய்யர் ஆக்கிவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

தெற்குக்காற்று

நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இரண்டு பேரைத் தனித்தனியாக நிற்க வைத்து நான்கு கேள்வி கேட்டால் அந்த ஒரு வாரக் கதை நிற்குமா? விசாவோடு வந்த உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். போகட்டும், என் கதை வேறு.

2018 ஆகஸ்ட், ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் துறைமுகம். ஐரோப்பாவில் இருக்கிற மொராக்கோக்காரர்கள் கோடையில் ஊருக்குப் போகிற சமயம். வண்டிக்கு மேலே வண்டி உயரத்துக்கு மூட்டை கட்டியிருப்பார்கள், பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு குடும்பம், பெல்ஜியத்தில் இருந்து. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி. ஆறாவது ஆளாக என்னைச் செருகிக்கொண்டார்கள். என் பை மூட்டைகளுக்கு அடியில் போனது.

அந்தக் கப்பலில் மொராக்கோ முத்திரையைக் கப்பலிலேயே வாங்கிவிட வேண்டும், மேஜை போட்டுப் போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார். எனக்கு அது தெரியாது. ஒன்றரை மணி நேரமும் மேல்தளத்தில் நின்று ஜிப்ரால்டர் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொராக்கோவின் தான்ஜர் மெட் துறைமுகத்தில் இறங்கி, சாவடியில் பாஸ்போர்ட்டைப் புரட்டினவர் கையை நீட்டிக் கப்பலைக் காட்டினார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, குடும்பத்தை நகரச் சொல்லிவிட்டார்கள். நான் இறங்கி, எதிரே வருகிற வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சரிவில் ஏறி ஓடினேன். நல்லவேளை, போலீஸ்காரர் அப்போதுதான் மைப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

வெளியே வர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. வண்டி இல்லை. சுங்கம் தாண்டி ஒரு விளக்குக் கம்பத்தடியில் அந்தப் பாட்டி மட்டும். என் பையின் மேல் உட்கார்ந்திருந்தார். யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்க, முழு எடையையும் அதன் மேல் போட்டு, காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார், நான்தான் தூக்கிவிட்டேன். நிறுத்த இடமில்லாமல் மகன் வண்டியைத் தள்ளிக் கொண்டுபோயிருக்கிறார். "ஷுக்ரன்" (நன்றி) தவிர எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அந்தக் கையின் கனம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

லொறிக்காரன்

வழிப்போக்கன், நான் லொறி ஓட்டுற ஆள். பதினொரு வருசமா டோவர்–கலே. அந்த அதிகாரி கேட்டது சரியான கேள்வி, நீங்கள் சொன்னதும் சரியான பதில். அந்த மனுசன் உங்களைக் கேக்காமல் உங்களுக்காகப் பொய் சொன்னதுதான் பிழை. அதைப் போட்டு மனசை உழப்பாதேங்கோ.

எனக்கு நினைவில நிக்கிறது நான் ஏத்தாமல் விட்ட ஒரு பெடியன். 2022 கார்த்திகை, நல்ல மழை. மட்டையில டோவர் எண்டு எழுதி, நனையாமல் பொலித்தீன் சுத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். எங்கட ஆக்களின்ர முகம். முன்னுக்கு நிண்ட வாகனத்துக்காக நான் வேகத்தைக் குறைச்சன். தனக்காகத்தான் நிப்பாட்டுறன் எண்டு நினைச்சிட்டான். பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து படியில காலை வச்சிட்டான். நான் தலையை ஆட்டினன். அவன் ஒண்டும் கேக்கேல்ல, இறங்கிட்டான். கண்ணாடியில பாத்தன்: திரும்பிப் போய், முந்தி நிண்ட அதே இடத்தில பையை வச்சு, மட்டையில இருந்த தண்ணியைக் கையால வழிச்சுத் துடைக்கிறான்.

ஏத்தேலாது. காப்புறுதி விடாது, முதலாளி விடமாட்டார். பின்பெட்டிக்குள்ள ஆரும் களவா இருந்து பிடிபட்டா ஒரு ஆளுக்கு 2,000 பவுண் வரைக்கும் தண்டம் இருந்தது, 2023 மாசியில இருந்து அது 10,000 வரைக்கும். முன்சீற்றில பாஸ்போட்டோட வாறவன் வேற கதை எண்டு எனக்கும் விளங்குது. ஆனா ஒவ்வொரு தரமும் நாய், ஒளிச்சிருக்கிறவையின்ர மூச்சில வாற காபனீரொட்சைட்டு பாக்கிற குழாய், இதயத் துடிப்பு பாக்கிற மெசின் எண்டு தாண்டிப் போற ஆளுக்கு, ரோட்டில நிக்கிற எவனைக் கண்டாலும் வயித்தைக் கலக்கும். எங்கட மாமா தொண்ணூறுகளில அப்பிடி ஒரு பெட்டிக்குள்ள இருந்து வந்தவர்தான். அந்த வீட்டில வளந்த நான்தான் தலையை ஆட்டினன்.

பையும்பாதையும்

எல்லாரும் மனசைப் பற்றியே பேசுகிறீர்கள். உயிரைப் பற்றி யாரும் பேசவில்லையே.

என் கதை சின்னது. 2016இல் எஸ்டோனியாவின் தாலினில் இருந்து பின்லாந்தின் ஹெல்சின்கிக்கு ஒருவர் காரில் ஏறினேன். அவர் முன்பதிவு ஒரு ஆளுக்குத்தான். நான் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், செக்-இன் ஊழியர் குனிந்து பார்க்கவில்லை. ஷெங்கனுக்குள் போகிற கப்பல் என்பதால் பாஸ்போர்ட்டும் யாரும் கேட்கவில்லை. நடுக்கடலில் சுவரில் இருந்த அவசர வழிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது: இந்தக் கப்பலில் நான் இருப்பது கப்பலுக்கே தெரியாது.

1987 மார்ச் 6, பெல்ஜியத்தின் ஜேப்ரூகேயில் இருந்து டோவருக்குக் கிளம்பிய ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் என்ற கப்பல், முன்கதவை மூடாமலே புறப்பட்டு, கார் தளத்தில் தண்ணீர் புகுந்து, துறைமுக வாசலிலேயே கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். உள்ளே மொத்தம் எத்தனை பேர் என்று சொல்லச் சரியான பட்டியல் இல்லை. 1994 செப்டம்பர் 28, தாலினில் இருந்து ஸ்டாக்ஹோம் போன எஸ்டோனியா என்ற கப்பல் மூழ்கி 852 பேர் இறந்தார்கள். நான் தூங்கிக்கொண்டு ஏறின அதே துறைமுகத்தில் இருந்து கிளம்பின கப்பல். இதற்கெல்லாம் பிறகுதான் 1998இல் ஐரோப்பிய ஒன்றியம் விதி கொண்டுவந்தது: புறப்படும் முன் தலையை எண்ண வேண்டும், 20 கடல் மைலுக்கு மேல் போகிற கப்பல் என்றால் பெயரையும் எழுத வேண்டும். அதனால் செக்-இன் சாளரம் வரும்போது தூங்காதீர்கள். கண்ணாடியை இறக்கி, "நானும் இருக்கிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். கூடுதல் காசு கேட்டால் கொடுங்கள். சில வழித்தடங்களில் காருக்கு ஒரே கட்டணம், உள்ளே ஒன்பது பேர் வரை போகலாம்.

அடுத்தது பை. தெற்குக்காற்று, பாட்டி நல்லவர், ஆனால் பாஸ்போர்ட், மருந்து, பணம், ஒரு ஸ்வெட்டர் இவ்வளவும் எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும். கப்பல் ஓடும்போது கார் தளம் பூட்டியிருக்கும், அவசரம் என்றாலும் இறங்கி எடுக்க முடியாது. அதே மாதிரி, அடுத்தவர் பொட்டலம் எதையும் உங்கள் பையில் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். சுங்கத்தில் "இது யாருடையது" என்று கேட்டால் உங்கள் பையில் இருப்பது உங்களுடையதுதான்.

வழிப்போக்கன், நீங்கள் ஏறின நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும்: "எல்லையில் கேட்டால் நான் லிஃப்ட் கேட்டு வந்தவன் என்றுதான் சொல்வேன், சம்மதமா?" இந்த ஒரு வாக்கியம் இருந்தால் கோப்பை பிரிந்திருக்காது. சம்மதமில்லை என்றால் அங்கேயே இறங்கிவிடலாம். சாலையோரத்தில் நிற்பதை விட லாரிகள் இரவில் நிறுத்துகிற இடத்துக்குப் போய், கதவைத் தட்டிக் கேட்பது நல்லது. முகம் பார்த்துப் பேசினால் அவர்களுக்கும் நம்பிக்கை வரும்.

நங்கூரம்

காஸ்பியன் கடல் தாண்டிப் போனவர்கள் யாரும் இல்லையா? 2019, அசர்பைஜானின் அலாத்தில் இருந்து கஸகஸ்தானின் குரிக். அது சரக்குக் கப்பல், நேர அட்டவணை கிடையாது, நிறைந்தால் கிளம்பும். துருக்கி லாரிக்காரர் ஒருவரோடு துறைமுக வாசலில் மூன்று நாள். டிக்கெட் எனக்கு நான்தான் எடுத்தேன், சாப்பாடு முழுக்க அவருடையது. லாரியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் அடுப்பு, வெங்காயம், டீ எல்லாம் இருக்கும்.

ஒரு நாளில் கடல் தாண்டிவிட்டோம். கரை விளக்கு தெரிகிறது, காற்று பலமாக இருந்ததால் உள்ளே விடவில்லை. நங்கூரம் போட்டு இரண்டு நாள். அசர்பைஜானை விட்டுப் போய்விட்டதாக முத்திரை இருக்கிறது, கஸகஸ்தானுக்குள் வந்ததாக முத்திரை இல்லை, விசா நாள் மட்டும் கழிகிறது. இரண்டாம் இரவு பயத்தில் பாஸ்போர்ட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை என் கையில் இருந்து வாங்கி மூடி, என் சட்டைப் பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு டீ போடப் போனார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது.

பையும்பாதையும், உங்கள் மாதிரி முன்கூட்டியே எல்லாம் பேசி வைக்க எனக்கு மொழியே இருக்கவில்லை. அப்படியும்தான் போகிறார்கள்.

லொறிக்காரன்

பையும்பாதையும், ஆக்களை எண்ணுற கதை நீங்கள் சொன்னது சரி. ஆனா இரவில கதவைத் தட்டச் சொல்லாதேங்கோ, தயவுசெய்து. வேற இடங்களில எப்பிடியோ தெரியாது, கலேப் பக்கம் வேண்டாம். நாங்கள் படுக்கேக்க இந்தக் கதவுக் கைப்பிடியில இருந்து அந்தக் கதவுக் கைப்பிடிக்கு, சாமான் கட்டுற பட்டியைப் போட்டு இறுக்கிப்போட்டுத்தான் படுக்கிறது. தட்டுறவன் நல்லவனோ கெட்டவனோ எண்டு உள்ள இருக்கிற எனக்குத் தெரியாது. லைற்றைப் போடமாட்டன், திரைச்சீலையை விலத்தமாட்டன், மூச்சுக் காட்டாமல் கிடப்பன். ரெண்டு தரம் தட்டிப்போட்டு அந்தக் காலடி மெல்ல அடுத்த லொறிக்குப் போறது கேக்கும்.