தெரட்டி சீர்: குழந்தை வேண்டாம் என்கிறாள், அம்மா மண்டபம் பிடிக்கச் சொல்கிறார்

தோப்புக்காரன், கொழிஞ்சாம்பாறை
போன வெள்ளிக்கிழமை தங்கச்சி மகள் பெரியவளானாள். ஏழாவது படிக்கிறாள். தகவல் வந்ததும் தோப்பில் பச்சைக் கீற்று வெட்டி எடுத்துக்கொண்டு வேலந்தாவளம் போய், வாசலை ஒட்டிக் குடிசை கட்டினேன். தாய்மாமன் கடமை. குழந்தை உள்ளே உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். "எங்க கிளாஸ்ல யாருக்கும் இப்படிச் செய்யலை மாமா. பேனர்ல என் போட்டோ போட்டா ஸ்கூலுக்கே போகமாட்டேன்" என்கிறாள். அம்மாவோ மண்டபம் பிடி, 101 தட்டு எடு என்று நிற்கிறார். பதினாறாம் நாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான். எனக்கும் செய்ய ஆசை. தங்கச்சிக்கு நான் செய்கிற பெரிய சீர் இதுதான். உங்கள் வீட்டில் எப்படிச் செய்தீர்கள்?

டீச்சர், சித்தூர்
குழந்தை இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு என்ன யோசனை? என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு பஸ் ஸ்டாப்பில் பேனர் வைத்தார்கள். பையன்கள் அதைப் படித்துவிட்டு வகுப்புக்கு வந்தார்கள். இன்டர்வெல்லுக்குக்கூட எழுந்திருக்காமல், பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சிலேயே இருந்தாள் அவள். ஒரு மாதம் அப்படி.

பெண் கல்யாணத்துக்கு ஆளாகிவிட்டாள் என்று ஊருக்குச் சொல்லத்தானே இந்தச் சீர்? 1978 முதல் கல்யாண வயது 18. இந்தக் குழந்தையை நிறுத்தி யாருக்கு என்ன சொல்கிறோம்? நம் பாலக்காட்டு மலையாளிகளிடமும் இது இருந்தது, திரண்டுகுளி என்று. சிறுமிக்குப் பேருக்குத் தாலி கட்டும் தாலிகெட்டு, கர்ப்பிணிக்குச் செய்யும் புளிகுடி, இந்தத் திரண்டுகுளி எல்லாவற்றையும் விடச் சொன்னவர் நாராயண குரு. அவர் சொல்லைக் கேட்ட வீடுகளின் கொள்ளுப் பேத்திகள்தான் இன்று உங்கள் மருமகளோடு படிக்கிறார்கள்.

மொய்நோட்டு, எருத்தேம்பதி
டீச்சர், சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது வெறும் சடங்கு. எங்களுக்கு அப்படி இல்லை. 1994இல் இருந்து எங்கள் வீட்டு நோட்டில் யாருக்கு எவ்வளவு செய்தோம் என்று இருக்கிறது. ஐந்நூறு வைத்தால் ஆயிரமாக வரும். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை. மூத்தவள் தெரட்டிக்கு வந்த மொய்யில்தான் போர் போட்டேன், தண்ணீரும் வந்தது. விசேஷமே வைக்காத வீட்டுக்கு, செய்த மொய் எப்படித் திரும்பும்? பேனர் வேண்டாம், சரி. பந்தியும் வேண்டாம், பங்காளியும் வேண்டாம் என்றால் நாளை ஒரு சாவுக்கு யார் வந்து நிற்பார்கள்?

டீச்சர், சித்தூர்
உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். ரத்தம் போகிற உடம்புக்கு நல்லது. மொய்யைக் காதுகுத்தில் வாங்குங்கள், புதுவீட்டுக்கு வாங்குங்கள். கடன் வசூலுக்கு இந்தக் குழந்தையை மணையில் உட்கார வைக்காதீர்கள்.

கோபாலபுரத்தாள்
தோப்புக்கார அண்ணா, "பெரிய சீர் இதுதான்" என்றீர்களே, அது மனதை உறுத்துகிறது. தோப்பில் தங்கச்சிக்குப் பங்கு கொடுத்தீர்களா?

என் மகளுக்கு என் அண்ணன் 51 தட்டு கொண்டுவந்தான். ஊரே மெச்சியது. அந்தப் பட்டுப்புடவை மடிப்பு விட்டு பீரோவில் கிடக்கிறது. தோட்டம் அவன் பேரில் இருக்கிறது. அப்பா சம்பாதித்த பூமிக்கு உயில் இல்லையென்றால் மகளுக்கும் சம பங்கு என்று 1956லேயே சட்டம் வந்துவிட்டது.

தோப்புக்காரன், கொழிஞ்சாம்பாறை
கொடுக்கவில்லை. மூன்று ஏக்கர். உயில் இல்லை. அப்பா போன அடுத்த வருடம் ஒழிமுறி, அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதினோம், தங்கச்சி வந்து கையெழுத்துப் போட்டாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை.

கோபாலபுரத்தாள்
நானும் கேட்கவில்லை அண்ணா. கேட்டால் பொறந்த வீட்டுக்குப் போக முடியாதே என்ற பயம்தான்.

மொய்நோட்டு, எருத்தேம்பதி
இது நியாயமில்லை. அம்மாவை வைத்துப் பார்ப்பது அவர், தோப்புக் கடனைக் கட்டுவதும் அவர். மூன்று ஏக்கருக்கு ஒரே கிணறாக இருக்கும். அதைத் துண்டு போட்டால் இரண்டு வீட்டுத் தென்னையும் காயும். அண்ணன் தங்கச்சி உறவு பத்திரத்தில் நிற்பதில்லை, சீரில்தான் நிற்கிறது.

கோபாலபுரத்தாள்
அந்த உறவுக்காகக் கையெழுத்துப் போடுவது எப்போதும் தங்கச்சி மட்டும்தானா?

தோப்புக்காரன், கொழிஞ்சாம்பாறை
இரண்டு நாளாக எழுத முடியவில்லை. மண்டபம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார், இன்னும் பேசவில்லை. குழந்தை சம்மதித்தால் வீட்டுக்குள்ளேயே பாட்டி, அத்தை, சித்தி மட்டும் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்கும் மாட்டேன் என்றால் அதுவும் இல்லை. குடிசையைப் பிரித்துவிட்டேன்.

ரோட்டோரம் இருக்கிற ஒரு ஏக்கரைத் தங்கச்சி பேரில் எழுதலாம் என்று நினைக்கிறேன். மொய்நோட்டு அண்ணன் சொன்னது சரி, கிணறு ஒன்றுதான், அது என் பக்கம் இருக்கிறது. கிணற்றுப் பங்கையும் சேர்த்து எழுத முடியுமா?

கோபாலபுரத்தாள்
முடியும் அண்ணா. எங்கள் பெரியப்பா பத்திரத்தில் கிணறு, மோட்டார், வாய்க்கால், நடைபாதை எல்லாம் பொது என்று இருந்தது. வாரத்தில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்பதுவரை எழுதியிருந்தார்கள்.