72 மணி நேரம் கேட்பது தப்பா? கிளஸ்டர் வரிசைப் பஞ்சாயத்து

கொழுந்துக்கூடை:
கொஸ்லந்தை மீரியபெத்த மண்சரிவுக்கு (2014 ஒக்டோபர் 29) முந்தைய மூன்று நாள் மழையை டபிள்யூ.ஆர்.எஃப் என்ற வானிலை மொடலில் ஓட்டிப் பார்க்கிறேன். வெளி டொமைன் (மொடல் கணக்கிடும் பரப்பு) 9 கிலோமீட்டர் கட்டம், 100×100. அதற்குள்ளே 3 கிலோமீட்டர், அதற்குள்ளே 1. கம்பஸ் கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த அமைப்பு) 64 கோர் கேட்டு, சீனியர் ஒருவர் சொன்னபடி ஓடும் நேர வரம்பாக 72 மணி நேரம் போட்டிருக்கிறேன். ஓடி முடிய ஒரு பகல்கூட ஆகாது, ஆனால் வரிசையில் நிற்பது நாள்கணக்கில். நேரத்தைக் குறைக்கலாமா?

பதுளைக்காற்று:
குறைக்காதே தங்கச்சி. கிளஸ்டர் வரிசையை நடத்தும் ஸ்லர்ம், நாம் கேட்ட நேரத்துக்குக் கணக்கு எழுதாது, ஓடிய நேரத்துக்குத்தான் எழுதும். 72 கேட்டு ஒன்பதில் முடித்தால் உன் ஃபேர்ஷேரில் (கிளஸ்டரில் உன் பங்கு) ஒன்பதுதான் கழியும். குறைவாகக் கேட்டு மாட்டிக்கொண்டால், நேரம் முடிந்ததும் ஒரு எச்சரிக்கை சிக்னல், வழக்கமான அமைப்பில் 30 வினாடியில் ஜொப்பைக் கொன்றுவிடும். இரவு முழுக்க ஓடியது அதோடு சரி. இதில் நமக்கு நஷ்டம் எங்கே?

நானுஓயா_நோட்:
நஷ்டம் வரிசையில்தான் அண்ணா. கணக்கைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, ஆனால் அவர் கேட்டது கணக்கை அல்ல, காத்திருப்பை. ஸ்லர்மில் பேக்ஃபில் என்று ஒன்று இருக்கிறது: பெரிய ஜொப் ஒன்றுக்கு நோட்கள் (கிளஸ்டரில் உள்ள கணினிகள்) சேரும்வரை சில நோட்கள் சும்மா கிடக்கும், அந்தப் பெரியதன் தொடக்கம் தள்ளிப்போகாமல் முடிந்துவிடக்கூடிய சின்ன ஜொப் இருந்தால் அதை முன்னுரிமை குறைவாக இருந்தாலும் உள்ளே விடும். பதுளை ரயிலில் பண்டாரவளையில் ஏறப்போகிறவர் புக் பண்ணிய சீட்டில், ஹப்புத்தளையில் இறங்குகிறவர் தாராளமாக உட்கார்ந்து வரலாம். கையில் பதுளை டிக்கட்டை வைத்துக்கொண்டு "நான் ஹப்புத்தளையிலேயே இறங்கிவிடுவேன்" என்றால் யார் நம்புவார்கள்? 72 என்று எழுதினால் ஸ்லர்மும் 72 என்றுதான் நம்பும்.

பதுளைக்காற்று:
உதாரணம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் மலைப் பகுதியில் மொடல் எப்போது வெடிக்கும் (கணக்குக் குலைந்து நிற்கும்) என்று சொல்ல முடியுமா? செங்குத்துச் சரிவில் 1 கிலோமீட்டர் கட்டம் போட்டால் செங்குத்துக் காற்று எகிறி சிஎஃப்எல் எரர் (டைம் ஸ்டெப்புக்குக் காற்று வேகம் அதிகம் என்ற பிழை) வரும், டைம் ஸ்டெப்பை, அதாவது மொடல் ஒவ்வொரு அடியிலும் தாண்டும் நேரத்தை, குறைக்கணும், ஓடும் நேரம் அப்படியே நீளும். ஒன்பது மணி நேரம் பதினாலாகும். அதற்குத்தான் கூடுதல் இடம்.

நானுஓயா_நோட்:
அதற்கு 16 போதுமே, 72 எதற்கு? அதோடு ரீஸ்டார்ட் ஃபைல் இருக்கிறது. மொடலின் அமைப்புக் கோப்பான நேம்லிஸ்டில் ரீஸ்டார்ட் இன்டர்வலை 360 என்று வைத்தால் (அது நிமிடக் கணக்கு) மொடல் நேரத்தில் ஆறு மணிக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் எழுதி வைக்கும். ஜொப் செத்தாலும் தொடக்கத் தேதியை மாற்றி, ரீஸ்டார்ட்டை ட்ரூ ஆக்கி, விட்ட இடத்திலிருந்து ஓட்டலாம்.

சிங்கமலை:
இதுக்கெல்லாம் சண்டையா, 256 கோர் போடு, சட்டென்று முடிஞ்சிடும் 😄

நானுஓயா_நோட்:
ஓடவே ஓடாது மச்சான். 256 என்றால் டபிள்யூ.ஆர்.எஃப் ஒவ்வொரு டொமைனையும் 16×16 துண்டாகப் பிரிக்கும், வெளி டொமைன் 100 கட்டத்தை 16 ஆல் வகுத்தால் ஒரு துண்டுக்கு ஆறு சொச்சம். பத்துக்குக் கீழே போனால் புதிய பதிப்பு எரர் போட்டு நின்றுவிடும். பழைய பதிப்பில் ஓடினாலும், பக்கத்துத் துண்டோடு ஓரத் தரவைப் பரிமாறுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

கொழுந்துக்கூடை:
அப்போ 1 கிலோமீட்டரையே விட்டுவிடவா? 3-லிருந்து 1-க்குப் போனால் அதே பரப்புக்கு 9 மடங்கு கட்டம், டைம் ஸ்டெப் மூன்றில் ஒன்று, ஆக 27 மடங்கு வேலை. செலவு முழுக்க அங்கேதான் போகிறது.

பதுளைக்காற்று:
அதை விடாதே. 9 கிலோமீட்டரில் பார்த்தால் கொஸ்லந்தைச் சரிவெல்லாம் மழுங்கி ஒரே மேடாகிவிடும், அப்புறம் அந்த மழையைத் திரும்பப் பார்க்கிறதில் என்ன பிரயோசனம்? நேரத்தைப் பற்றி மட்டும் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ரீஸ்டார்ட் ஃபைல் ஒவ்வொன்றும் ஜிபி கணக்கில் வரும், ஸ்க்ராட்ச் கோட்டா (தற்காலிகக் கோப்புகளுக்குத் தரும் இட அளவு) நிறைந்தால் ஜொப் அதனாலேயே சாகும். அதற்கு யார் பொறுப்பு?

நானுஓயா_நோட்:
கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க ஸ்கிரிப்டில் ஒரு வரி போதும்.

கொழுந்துக்கூடை:
சரி, 16 போட்டு அனுப்பியாச்சு. இன்னொன்று, வீட்டில் சிக்னல் அடிக்கடி போகும், லைன் துண்டித்தால் ஜொப்பும் போயிடுமா?

பதுளைக்காற்று:
எஸ்பேட்ச்சில் (ஜொப்பை வரிசையில் போடும் ஸ்லர்ம் கட்டளை) அனுப்பினால் போகாது, லெப்டொப்பை மூடிவிட்டுத் தூங்கு. லொகின் நோட்டில் (எல்லோரும் உள்ளே நுழையும் பொதுக் கணினி) நேரடியாக ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்தக் கவலை, அவர்களை அட்மினே தூக்கிவிடுவார்.