புதுப்பிப்பு: அம்மா ஒப்பரேஷன் முடிஞ்சு வீட்டுல

அம்மாவுக்கு மார்பு புத்துநோய்க்கு எடது மார்பையும் கக்கத்து நெறியையும் எடுத்து, தண்ணி வடியிற ட்யூப்போட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, தோட்டத்து லயத்துல வச்சு எப்புடி பாக்குறதுன்னு முன்ன கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

ட்யூப் கழட்டியாச்சு. ஒரு நாளைக்கு வர்ற தண்ணி 30 மில்லிக்கு கீழ எறங்கணும்னு டொக்டர் சொல்லியிருந்தாரு, தெனம் காலையில அளந்து தம்பியோட பழைய கொப்பியில எழுதி வச்சேன், கிளினிக்ல மொதல்ல அதைத்தான் கேட்டாங்க.

எடது கைதான் பாடு. தோளுக்கு மேல தூக்கவே ஏலாது. செவத்துல வெரலை மேல மேல நடக்க விடுற எக்ஸசைஸுக்கு கரியால கோடு போட்டு வச்சிருக்கோம், இப்ப கலண்டர் ஆணிய தாண்டிட்டாங்க, தலையும் தானே வாருறாங்க. இந்த ஹட்டன் குளிருல காலையில கை வெறைச்சுக்கும், அதனால வெயில் வந்த பொறகுதான்.

அந்த கையில ஊசி போடுறது, பிரஷர் பாக்குறது வேணாம்னு ஒரு அக்கா சொன்னீங்கல்ல, கிளினிக்ல அந்த கையிலயே பட்டிய மாட்ட வந்தாங்க, நான் சொல்லித்தான் மாத்துனாங்க!

இப்ப பெரிய சண்டை, தோட்டத்துல கொழுந்து பறிக்க போறேன்னு நிக்கிறாங்க. வேலைக்கு போய் பேர் விழாட்டி அன்னைக்கு சம்பளம் இல்லதான், ஆனா தேயிலை வாது கீறி புண்ணாச்சுன்னா நெறி எடுத்த பக்கத்து கை வீங்கிரலாம்னு சொன்னா காதுல போட்டாத்தானே.

எடுத்த கட்டிய டெஸ்ட் பண்ற ரிப்போர்ட் இன்னும் வரல, அது வந்தாத்தான் கீமோவா மாத்திரையான்னு தெரியும். கீமோவுக்கு இங்கருந்து கண்டிக்கு போனவங்க இருந்தா சொல்லுங்க, அன்னைக்கே பஸ்ஸுல திரும்ப ஏலுமா?