தோப்பு ரயில்: எங்கள் குடும்பக் குழு

சனிக்கிழமை

சித்தப்பா: எல்லாருக்கும் வணக்கம். நம் மாந்தோப்பில் ஓட்டப் போகும் மாதிரி ரயிலுக்குக் கல்லுக்கால் நட்டு முடிந்தது. இடுப்பளவு உயரம், குனியாமல் வேலை பார்க்கலாம். மேலே சிமெண்ட் பலகை போட்டு ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், ஏற்ற இறக்கம் எங்கும் இல்லை. இனி தண்டவாளம். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே இடைவெளி 32 மி.மீ.யா, 45 மி.மீ.யா என்று இன்றே முடிவு செய்ய வேண்டும்.

தங்கச்சி: 45 வாங்கிவிடலாமே அப்பா. ரெடிமேட் பெட்டிகள் அதற்குத்தான் நிறைய வருகின்றன.

சித்தப்பா: வருகின்றனம்மா. 45ஐ 1:22.5 என்ற அளவில், அதாவது நிஜத்தை 22.5 மடங்கு சிறிதாக்கி, ஓட்டுகிறார்கள். பெருக்கிப் பார், ஏறக்குறைய 1000 மி.மீ., அதாவது ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதை. நான் செய்யப் போவது மீட்டர் கேஜ் இல்லை. மொரப்பூர், தர்மபுரி, ஓசூர் போன சின்ன ரயில். அதன் அகலம் இரண்டரை அடி, 762 மி.மீ. 24ஆல் வகுத்தால் 31.75. அதனால் 32 மி.மீ. தண்டவாளம், 1:24 அளவு. கணக்கு கச்சிதமாக உட்காருகிறது.

நான்: அப்படி ஒரு ரயில் இருந்ததா சித்தப்பா? நான் கேள்விப்பட்டதே இல்லை.

பெரியப்பா: இருந்ததப்பா. 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரி வரை வந்தது. 1913இல் ஓசூர் வரை நீட்டினார்கள். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்று போட்ட பாதை. 1941இல், போர்க் காலத்தில், மூடிவிட்டார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் இதே அகலத்தில் ஒரு பாதை இருந்தது. இன்று மாவட்டத் தலைநகராக இருக்கும் கிருஷ்ணகிரிக்கு ஒரு ரயில் நிலையம் கிடையாது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. தம்பி, அந்த ரயிலையே செய். வேறு எதுவும் வேண்டாம்.

சித்தப்பா: அதையேதான் அண்ணா.

தங்கச்சி: அப்படியென்றால் கடைப் பெட்டி எதுவும் பொருந்தாதா?

சித்தப்பா: 32 மி.மீ.க்கு இங்கிலாந்தில் செய்வது பெரும்பாலும் இரண்டடிப் பாதை வண்டிகள். அடிக்கு 16 மி.மீ., அதாவது 1:19. அவற்றை நம் வண்டி பக்கத்தில் நிறுத்தினால் பூதம் போலத் தெரியும். பெட்டி எல்லாம் கையால்தான்.

(படம்)

சித்தப்பா: இதுதான் முதல் பெட்டி. 30 அடி நீளம் என்று வைத்துக்கொண்டேன், 38 செ.மீ. வந்தது. அகலம் 9 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. தச்சர் பட்டறையில் கழித்துப் போட்ட தேக்குச் சில்லுகளை 2 மி.மீ. கனத்துக்கு இழைத்து, ஒவ்வொரு பலகையாக ஒட்டியிருக்கிறேன். ஒரே பிளைவுட்டில் கோடு கீறிவிட்டுப் பலகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெயில் சாய்வாக விழும்போது இரண்டு பலகைக்கு நடுவே அந்த மெல்லிய நிழல் விழ வேண்டும்.

நான்: கூரையை எப்படி வளைத்தீர்கள்?

சித்தப்பா: மெல்லிய பிளைவுட்டை வெந்நீரில் ஊறப்போட்டு, பெரிய பி.வி.சி. பைப்பின் மேல் வைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் அவிழ்த்தால் வளைவு நின்றது. அதன்மேல் மல் துணி ஒட்டி வெள்ளை பெயிண்ட். பழைய மரப்பெட்டிகளின் கூரையில் கித்தான் துணி ஒட்டித்தான் பெயிண்ட் அடிப்பார்கள். பக்கத்தில் வந்து பார்த்தால் துணியின் இழை தெரியும். பசை மட்டும் தண்ணீர் தாங்கும் மரைன் வகையாக இருக்க வேண்டும், தோப்பில் பனி இறங்குகிறது.

மாமா: அருமை மாப்பிள்ளை. சக்கரம் என் பொறுப்பு. நிஜத்தில் இரண்டடி விட்டம் என்றால் நமக்கு 25 மி.மீ. சிப்காட்டில் தெரிந்த லேத்தில் கடைந்து தருகிறேன். ஓர் அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் உள்முகத்துக்கு உள்முகம் 28 மி.மீ. சரியாக இருக்க வேண்டும். அது கூடினாலும் குறைந்தாலும், பாதை பிரியும் பாயிண்ட்டில் ஏறும்போது தடம் புரளும்.

அத்தை: எல்லாம் சரி. இன்ஜின் கரண்டிலா, பேட்டரியிலா?

சித்தப்பா: நீராவியில் அக்கா. நிஜ நெருப்பு, நிஜத் தண்ணீர்.

அத்தை: பேரப்பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் பாய்லரா? தம்பி, எனக்கு இது பிடிக்கவில்லை.

மாமா: கேள். உன் குக்கரில் ஒரு கிலோ பிரஷர், ஐந்து லிட்டர் பாத்திரம். இதில் பிரஷர் 40 பி.எஸ்.ஐ., குக்கர் கணக்கில் கிட்டத்தட்ட 2.8 கிலோ. ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீர் 150 மி.லி.தான், ஒரு டம்ளர். சேஃப்டி வால்வ் 40ஐத் தொட்டதும் தானே திறந்து ஆவியை விட்டுவிடும்.

அத்தை: வால்வ் அடைத்துக்கொண்டால்?

மாமா: நல்ல கேள்வி. அதற்குத்தான் முதலில் தண்ணீர்ச் சோதனை. நெருப்பே இல்லாமல், பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் 80 வரை ஏற்றுவேன், இரண்டு மடங்கு. தண்ணீர் அமுங்காது, அதனால் எங்காவது விட்டாலும் வெடிக்காது, ஒரு சொட்டுக் கசியும், அவ்வளவுதான். அதில் தேறாத பாய்லர் தோப்புக்குள் வராது.

தங்கச்சி: பாய்லரை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா மாமா? எங்கள் லேபில் வசதி இருக்கிறது.

மாமா: கூடவே கூடாதம்மா. சாதாரண ஈயப் பற்று 183 டிகிரியில் உருகும். 40 பி.எஸ்.ஐ. ஆவியே 140 டிகிரிக்கு மேல் இருக்கும். தண்ணீர் தீர்ந்து நெருப்பு மட்டும் எரிந்தால் மூட்டு பிரிந்துவிடும். செப்புக் குழாய், வெள்ளிப் பற்று. அது உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். அப்புறம், நெருப்புக்கான கேஸ் டேங்கைச் சின்னதாக வைப்பேன். தண்ணீர் தீர்வதற்கு முன் கேஸ் தீர வேண்டும்.

அத்தை: சரி. ஆனால் பிள்ளைகள் ஆறடி தள்ளித்தான் நிற்க வேண்டும். லைட்டர் கேஸ் கேனை வெயிலில் வைக்கக் கூடாது. இதை எழுதி மரத்தில் மாட்டு தம்பி.

சித்தப்பா: மாட்டிவிடுகிறேன் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை

நான்: சித்தப்பா, பாய்லருக்கு போர் தண்ணீர் ஊற்றலாம் அல்லவா?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம். நம் பக்கத்து போர் தண்ணீர் எப்படி என்று உனக்கே தெரியும், அண்டாவின் அடியில் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். ஃப்ளோரைடு பிரச்சினைக்காகத்தானே ஒகேனக்கல் தண்ணீரை இவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள். அந்த வெள்ளை உப்பு இத்தனை சின்ன பாய்லரில் படிந்தால் சுரண்டி எடுக்க வழியில்லை. பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி வா.

பெரியப்பா: தம்பி, தண்டவாளத்துக்கு அடியில் வரும் ஸ்லீப்பர் கட்டைக்கு மரம் போடாதே. கரையான் விடாது.

சித்தப்பா: பி.வி.சி. ஷீட்டில் வெட்டிவிட்டேன் அண்ணா. சுற்றிலும் கிரஷரில் அள்ளி வந்த பொடி ஜல்லி. நம் ஊர் கிரானைட்தான், நிறம் கூடப் பொருந்துகிறது.

மாமா: தண்டவாளம் பித்தளையா?

சித்தப்பா: ஆமாம் மாமா. விடியற்காலைக்கும் மதியத்துக்கும் தண்டவாளச் சூட்டில் 30 டிகிரி வித்தியாசம் வந்தால் 10 மீட்டருக்கு 6 மி.மீ. வரை நீளும். இணைப்புக்கு இணைப்பு இடைவெளி விட்டிருக்கிறேன். என் கவலை வேறு. தை மாதம் மா பூக்கும்போது தத்துப்பூச்சி வரும். அது விடும் தேன் போன்ற கசிவு இலை, கிளை, தண்டவாளம் என்று எல்லாவற்றிலும் பிசுபிசுவென்று ஒட்டும். மின்சார இன்ஜின் என்றால் கரண்டே பாயாமல் நின்றுவிடும். நீராவிக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சக்கரம் வழுக்கும்.

தங்கச்சி: முன்னால் ஒரு துடைப்பு வண்டி விடலாமே அப்பா? அடியில் ஈரத் துணி சுற்றிய கட்டை, மேலே கொஞ்சம் எடை. இன்ஜினுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போகட்டும்.

சித்தப்பா: நல்ல யோசனை. அதை நீயே செய். இரண்டு அச்சு போதும், தனியாகத் திரும்பும் சக்கரத் தொகுதி (போகி) வேண்டாம்.

பெரியப்பா: பெட்டியில் ஊர்ப் பெயர்ப் பலகை உண்டா?

சித்தப்பா: உண்டு. மொரப்பூர், தர்மபுரி, ஓசூர். கிருஷ்ணகிரி வேறு பாதை, அதனால் அதற்குத் தோப்பின் மேற்கு மூலையில் தனியாக ஒரு கிளைப் பாதை வரும். அந்த நிலையத்தை உங்கள் பொறுப்பில் விடுகிறேன் அண்ணா.

பெரியப்பா: ஓட்டுக் கூரை போடுகிறேன். அளவை அனுப்பு.

சித்தப்பா: நடைமேடை 80 செ.மீ., இரண்டு பெட்டி நிற்கும். உயரம் நாளை அளந்து சொல்கிறேன். மாமா, சக்கரம் எப்போது வரும்?

மாமா: எட்டு சக்கரம் வெள்ளிக்கிழமை. பாய்லர் சோதனைக்கு அடுத்த ஞாயிறு வருகிறேன். உங்கள் அக்காவும் வருகிறாள், 80 வரை முள் ஏறுவதைத் தானே பார்க்க வேண்டுமாம்.